பேனாக்கத்தியில் பொறித்த ஊர்ப்பெயர்

ஒரு மடக்குக் கத்தி கையில் கிடைத்தால் விஷயம் தெரிந்தவர்கள் கூர்மையைப் பார்ப்பதில்லை. அலகை விரித்து, அது கைப்பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில் என்ன பொறித்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஷெஃபீல்ட், ஸோலிங்கன், செக்கி, ஸ்விட்சர்லாந்து... அந்தப் பெயரைப் படித்துவிட்டு ஒன்று உதட்டைப் பிதுக்குவார்கள், இல்லை பர்ஸை எடுப்பார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கத்தி என்பது வாங்குபவனை மிகச் சுலபமாக ஏமாற்றக்கூடிய ஒரு பொருள். தேங்காயைத் தட்டிப் பார்க்கலாம், துணியைக் கசக்கிப் பார்க்கலாம். கத்தியின் குணம் மொத்தமும் எஃகுக்குள் ஒளிந்திருக்கிறது. எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ முக்கி, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்துவதைக் கொல்லுப் பட்டறையில் தோய்ச்சல் என்பார்கள். அந்தத் தோய்ச்சல் சரியாக விழுந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு எல்லாக் கத்தியிலும் ஒரே பளபளப்புதான். நல்லதா கெட்டதா என்பது வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். செய்தவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்த மாதிரிச் சந்தையில் பொருளை நம்ப முடியாது, பெயரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பெயருக்கு மதிப்பு வந்துவிட்டால் அந்தப் பெயரையே திருட ஆள் கிளம்பிவிடும். இன்று செருப்பு முதல் செல்போன் வரை எல்லாவற்றிலும் பார்க்கிறோமே "மேட் இன்" என்ற இரண்டு வார்த்தை, அது உலகம் முழுக்கப் பரவியதில் கத்தித் திருட்டுக்குப் பெரிய பங்கு உண்டு (கத்தியைத் திருடியதல்ல, கத்தியின் பெயரைத் திருடியது!).

கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலிலேயே ஒரு மாவு மில்காரன் ஷெஃபீல்ட் கத்தியோடு வருகிறான். அப்போதே ஊர்ப்பெயர் சொன்னால் வாசகனுக்குப் புரியும் அளவுக்குப் பிரபலம். சாணைச் சக்கரங்களைச் சுற்ற ஆறுகள், சாணைக்கல்லுக்குப் பக்கத்திலேயே மணற்பாறை, அடுப்புக்கு நிலக்கரி என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். 1624இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஹாலம்ஷையர் கத்திக் கொல்லர் சங்கம் அமைந்தது. ஒவ்வொரு கொல்லருக்கும் ஒரு முத்திரை, அது சங்கத்தின் பதிவேட்டில் ஏறும், மட்டமான சரக்கு செய்தால் அபராதம். இன்றைய ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கும் டிரேட்மார்க் ஆபீஸுக்கும் சேர்த்து ஒரே அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார ஸ்பிரிங்குக்கு ஒரே சீரான எஃகு கிடைக்கவில்லை என்று எரிச்சலாகி, களிமண் மூசையில் எஃகை முழுக்க உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஷெஃபீல்டின் பெயர் உலகம் சுற்றியது இந்த மூசை எஃகால்தான். வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க் கொல்லர்கள் முதலில் "ரொம்பக் கடினமாக இருக்கிறது" என்று அதைத் தொடவில்லை. பிரான்ஸ்காரர்கள் வாங்கிக் கத்தி செய்து, அது ஷெஃபீல்ட் சரக்கைவிட நன்றாக விற்க ஆரம்பித்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

ஷெஃபீல்ட் கத்தி ஷெஃபீல்டில் செய்யப்பட்டது, சரி. ஆனால் இரும்பு? நல்ல எஃகுக்கான இரும்பு ஸ்வீடனிலிருந்து கப்பலில் வந்தது. இங்கிலாந்து இரும்பில் கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம். ஆக "ஷெஃபீல்ட்" என்று பொறித்த ஒரு பேனாக்கத்தியில் ஸ்வீடன் இரும்பும் யார்க்‌ஷயர்க் கைவேலையும் கலந்திருந்தன. இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்துக்கும் இரண்டு இடங்களில் தொடர்பு உண்டு. தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் காய்ச்சிய எஃகு 'ஊட்ஸ்' என்ற பெயரில் லண்டனுக்குப் போய், 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் ராயல் சொசைட்டிக்கு அதைப்பற்றி ஆய்வறிக்கை எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அந்த எஃகில் பேனாக்கத்தி அடித்துப் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இது மேல் என்று தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்.

இரண்டாவது, ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து திரும்பி, மூசையில் கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் எஃகு நன்றாக அடிபடும் என்று கண்டுபிடித்து 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் எஃகு விலை வெகுவாகக் குறைந்தது. ஆனால் காப்புரிமையில் எழுதியிருந்த முறையைச் சற்றே மாற்றி, இன்னும் மலிவாக அதே காரியத்தைச் செய்ய ஷெஃபீல்ட்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். அவர் பணம் கேட்க, அவர்கள் மறுக்க, வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, ஹீத் இறந்த பிறகு 1855இல் பிரபுக்கள் சபையில் அவருக்கு எதிராக முடிந்தது. அடுத்தவன் யோசனையை எடுத்துக்கொள்வதில் ஷெஃபீல்டும் சுத்தமான ஆள் இல்லை என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் அவர்கள் ஜெர்மனிக்காரனைப் பார்த்துத் "திருடன்" என்று கத்தப் போகிறார்கள்.

அந்த நல்ல பெயருக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாணை பிடிப்பவர்கள். உலர்ந்த கல்லில் முட்கரண்டியும் ஊசியும் தீட்டுகிறவன் நுரையீரலில் கல்தூசியும் இரும்புத்தூசியும் நிறைந்து போகும். உலர்சாணைக்காரர்கள் சராசரியாக 35 வயதைத் தாண்டுவதே கடினம், ஈரச்சாணைக்காரர்கள் 45ஐத் தாண்டுவது அபூர்வம் என்று ஷெஃபீல்ட் மருத்துவர் நைட் சொன்ன கணக்கை 1845இல் எங்கல்ஸ் தன் புத்தகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். பிரான்ஸின் தியேர் நகரத்தில் வேறுவிதமான கஷ்டம். அங்கே சாணைக்காரர்கள் ஆற்றங்கரைப் பட்டறையில் பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே சுற்றும் ஈரக்கல்லில் அலகை அழுத்துவார்கள். குளிர் தாங்காமல் கால்மேல் நாயைப் படுக்கவைத்துக்கொள்வார்களாம். அந்தப் பழைய புகைப்படங்களில் வரிசையாகப் படுத்திருக்கும் ஆட்களும் ஒவ்வொருவர் கால்மேலும் சுருண்டிருக்கும் நாயும்... பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

இனி ஜெர்மனி. உப்பர் ஆற்றங்கரையில் இருக்கிற ஸோலிங்கன் ஒன்றும் நேற்றுப் பெய்த மழையில் முளைத்த ஊர் அல்ல. இடைக்காலத்திலிருந்தே வாள் செய்த ஊர். தோய்ச்சல்காரர்களுக்கும் சாணைக்காரர்களுக்கும் 1401லேயே தொழிற்குழு உரிமை கிடைத்திருக்கிறது. ஹெங்கல்ஸ் குடும்பத்தின் 'இரட்டையர்' முத்திரை 1731இல் பதிவானது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில், வேகமாக வளர்ந்து வந்த ஜெர்மானியத் தொழில்கள் பலவும் பிடித்தது குறுக்கு வழி: மலிவான சரக்கு, கடன் வாங்கிய பெயர். அடித்துச் செய்யாமல் வார்ப்பிரும்பில் ஊற்றி எடுத்த கத்தியிலும் கத்தரிக்கோலிலும் "ஷெஃபீல்ட்" என்று பொறித்து விற்றார்கள். 1876இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு ஜெர்மனி சார்பில் நடுவராகப் போன பொறியியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் ரொய்லோ, நம் நாட்டுச் சரக்கு மலிவு, மட்டம் என்று இரண்டே சொல்லில் ஊருக்கு எழுதி அனுப்பினார். வீட்டுக்குள்ளிருந்தே வந்த அடி என்பதால் அந்த இரண்டு சொல்லும் ஜெர்மனியில் பெரிய புயலைக் கிளப்பின.

ஷெஃபீல்ட் வியாபாரிகள் லண்டனில் போய் முட்டி மோதியதில் 1887 ஆகஸ்ட் 23ஆம் தேதி சரக்கு முத்திரைச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் செய்த பொருளில் பிரிட்டிஷ் பொருள் என்று நினைக்கவைக்கும் பெயரோ முத்திரையோ இருந்தால், எந்த நாட்டில் செய்தது என்பதையும் அதிலேயே தெளிவாகப் பொறித்தாக வேண்டும். நோக்கம் என்ன? "மேட் இன் ஜெர்மனி" என்று பார்த்தவுடன் ஆங்கிலேயன் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட வேண்டும். குற்றவாளி நெற்றியில் பச்சை குத்துவது மாதிரியான ஏற்பாடு.

நடந்தது நேர்மாறு. முத்திரையைத் திருட முடியாது என்றானதும் சொந்தப் பெயரை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஸோலிங்கனில் அச்சில் வைத்து அடிக்கும் சம்மட்டி இயந்திரங்கள் ஏற்கெனவே வரத் தொடங்கியிருந்தன. 1886இல் தொடங்கிய ஹென்ட்ரிக்ஸ் பட்டறை இன்று அருங்காட்சியகம், அந்த இயந்திரங்களை இப்போதும் போய்ப் பார்க்கலாம். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் ஒரே அளவாக அடித்துவிட்டு, சாணையையும் மெருகையும் மட்டும் கைத்திறன் உள்ளவர்களிடம் விட்டார்கள். ஷெஃபீல்டில் ஒரே ஆள் ஒரு சின்ன வாடகை அறையில் உட்கார்ந்து கத்தியைக் கையாலேயே செய்து முடிப்பதுதான் பெருமை. பெருமைதான், ஆனால் விலை இறங்காது, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சட்டம் வந்து ஒன்பதே வருஷத்தில், 1896இல், எர்னஸ்ட் எட்வின் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் "மேட் இன் ஜெர்மனி" என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதி, வீட்டைச் சுற்றிப் பாருங்கள், எல்லாம் ஜெர்மன் சரக்கு என்று புலம்பினார். அவமானத்துக்காக ஒட்டிய சீட்டு விளம்பரமாகிப் போனது. விளம்பரச் செலவை எதிராளியின் பாராளுமன்றமே ஏற்றுக்கொண்ட மாதிரி :-)

இதைவிட ருசிகரமான பின்குறிப்பு ஒன்று உண்டு. 1938இல் ஜெர்மனி, "ஸோலிங்கன்" என்ற பெயரைக் காக்கவே தனிச்சட்டம் போட்டது. முக்கியமான வேலைகள் அந்த ஊர் வட்டாரத்தில் நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். 1994இல் அது ஒழுங்குவிதியாகப் புதுப்பிக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஊர்ப்பெயர் திருடியவர்கள், தங்கள் ஊர்ப்பெயரை மற்றவர்கள் திருடுகிறார்கள் என்று சட்டம் கேட்டு வாங்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டார்கள். தரம் உயர்ந்ததற்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?

ஷெஃபீல்டுக்கு அடுத்த அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கேதான் அவர்களுடைய பெரிய சந்தை. 1890இல் வந்த மெக்கின்லி வரிச்சட்டம் இறக்குமதிப் பேனாக்கத்திகள்மேல் கடுமையான வரி போட்டது. கூடவே, இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்றது. 1891இல் அது அமலுக்கு வந்தது. இன்றும் பழைய கத்தி சேகரிப்பவர்கள், ஊர்ப்பெயர் மட்டும் இருந்து "இங்கிலாந்து" என்ற நாட்டின் பெயர் இல்லாவிட்டால் 1891க்கு முந்தியதாக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். வரிச்சுவருக்குப் பின்னால் நியூயார்க் மாநிலத்திலும் பென்சில்வேனியாவிலும் அமெரிக்கக் கம்பெனிகள் செழித்தன. அவற்றில் வேலை பார்த்த கைகளில் ஷெஃபீல்டிலிருந்து குடியேறியவர்களின் கைகளும் உண்டு. சரக்குக்கு வரி போடலாம், கப்பலேறி வரும் கைத்திறனுக்கு வரி ஏது?

ஸ்விஸ் கத்தி பற்றிச் சொல்லாவிட்டால் யாரும் விடமாட்டார்கள். சிவப்புக் கைப்பிடி, வெள்ளைச் சிலுவை, "ஸ்விஸ் ஆர்மி"... ஸ்விட்சர்லாந்து என்றால் தரம் என்பதன் அடையாளமே அதுதான். ஆனால் ஸ்விஸ் ராணுவம் வாங்கிய முதல் கத்திகள் ஸ்விஸ் கத்திகளே அல்ல! துப்பாக்கியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரும் டப்பா திறப்பானும் உள்ள 'மாடல் 1890' கத்தி வேண்டும் என்று ராணுவம் முடிவு செய்தபோது, அத்தனை ஆயிரம் கத்தியைச் செய்து கொடுக்க அந்த நாட்டில் ஆள் இல்லை. ஆர்டர் ஸோலிங்கனின் வெஸ்டர் கம்பெனிக்குப் போனது. ஷ்விஸ் மாநிலத்தின் ஈபாக் கிராமத்தில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸனர் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. சகத் தொழிலாளிகளைச் சேர்த்துச் சங்கம் அமைத்து 1891இல் தானும் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். ஸோலிங்கனின் தொழிற்சாலை விலையோடு போட்டி போட முடியாமல் மற்றவர்கள் விலகிவிட, அவர் திவாலாகும் நிலைக்கே போனார். உறவினர் உதவியில் தப்பி, 1897 ஜூன் 12ஆம் தேதி அதிகாரிகளுக்கான இலகுவான கத்திக்குப் பதிவு வாங்கினார். ஒரே ஸ்பிரிங் இரண்டு பக்கமும் கருவிகளைத் தாங்கும் அமைப்பு அது. நாம் 'ஸ்விஸ் கத்தி' என்று சொல்வது இதன் வாரிசைத்தான். ராணுவம் இதை அதிகாரபூர்வமாக வழங்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில்தான் வாங்கினார்கள். 1909இல் இறந்த அம்மா விக்டோரியாவின் பெயரோடு, 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது.

எஃகு என்று பார்த்தால் விக்டோரினாக்ஸ் ஒன்றும் அதிசயம் இல்லை. அலகின் கடினம் ராக்வெல் அளவில் சுமார் 56. ஜப்பானின் விஜி-10 எஃகு 60ஐத் தொடும். பிறகு எங்கேயிருந்து இந்தப் பெயர்? லட்சத்தில் ஒன்றை எடுத்தாலும் அதே 56 இருக்கும். திறக்கும் சத்தம்கூட ஒன்றுபோல் இருக்கும். ஷெஃபீல்டின் கெட்டிக்காரக் கொல்லர் ஒருவர் நல்ல நாளில் செய்த கத்தி இதைவிட அழகாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடைக்காரனிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று கொடு என்று கேட்க முடியுமா? அதுதான் வித்தியாசம். 2007இல் ராணுவம் புதிய கத்திக்குச் சர்வதேச டெண்டர் விட வேண்டியிருந்தபோது, ஸ்விஸ் கத்தி சீனாவில் செய்யப்படுமோ என்று அந்த நாடே பதறியது. கடைசியில் விக்டோரினாக்ஸுக்கே கிடைத்தது. முதல் கத்தி ஜெர்மனியிலிருந்து வந்ததை அப்போது எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ! 2017 முதல் அங்கே சட்டம் இன்னும் இறுகிவிட்டது: தொழிற்சாலைப் பொருளில் ஸ்விஸ் சிலுவை போட வேண்டுமானால் உற்பத்திச் செலவில் 60 சதவீதமாவது உள்நாட்டில் ஆகியிருக்க வேண்டும்.

பெயரைக் காக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸின் லாயோல் கிராமம் உதாரணம். 1829 வாக்கில் பியர்-ழான் கால்மெல்ஸ் அங்கே தொடங்கிய மெல்லிய மடக்குக் கத்தி, முதுகில் ஈ போன்ற ஒரு அலங்காரத்தோடு உலகப் பிரபலம் ஆனது. ஆனால் தொழில் பெரும்பாலும் (நாய்க் கதை சொன்னோமே) தியேர் நகரத்துக்கு நகர்ந்துவிட்டது. ஊர்ப்பெயருக்கு எந்தப் பதிவும் இல்லை. 1993இல் வேறு ஊர்த் தொழிலதிபர் ஒருவர் அந்தப் பெயரைப் பலவகைப் பொருள்களுக்கு டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டார். ஆசியாவில் செய்த மலிவுச் சரக்கு 'லாயோல்' என்று விற்றது, ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப்பெயரைப் போட அவருடைய அனுமதி கேட்க வேண்டிய நிலை. 2012இல் கிராமத்தார் கூடி, ஊர் எல்லையில் இருந்த பெயர்ப்பலகையையே கழற்றிவிட்டார்கள். எங்கள் பெயர் எங்களுடையது இல்லையென்றால் பலகை எதற்கு என்று கேட்டார்கள். நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்து, 2019இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே பெயர் திருடு போகவில்லை, விலைக்குப் போனது. ஷ்ரேட் தொழிற்சாலை 2004இல் மூடியது, ராணுவத்துக்குக் கத்தி செய்த கமிலஸ் 2007இல் மூடியது. இரண்டு பெயரையும் வேறு கம்பெனிகள் வாங்கின. தாத்தா வைத்திருந்த அதே பெயர், அதே எழுத்து வடிவம், அலகின் மறுபக்கத்தில் பொடி எழுத்தில் "சைனா". பெட்டியைப் பார்த்து வாங்கியவர்களின் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பாதிதான் உண்மை, ஏனென்றால் சீனக் கத்தி என்பது ஒரே தரம் அல்ல.

ஜப்பான் கதை தெரிந்தால் இது புரியும். 1876இல் வாள் தரிப்பதைத் தடை செய்த பிறகு, வாளுக்குப் பேர்போன செக்கி நகரம் சமையல் கத்திக்கும் மடக்குக் கத்திக்கும் மாறியது. உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் சரக்கு என்றாலே மலிவுச் சரக்கு என்றுதான் அமெரிக்காவில் பேச்சு. 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடெர்கோ தன் முதல் மடக்குக் கத்தியைச் செக்கியில்தான் செய்யக் கொடுத்தது, மலிவுக்காக மட்டும் அல்ல. இன்று "செக்கி" என்று பொறித்திருந்தால் விலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதே பாதையில் இப்போது குவாங்டாங் மாகாணத்தின் யாங்ஜியாங். நடைபாதையில் விற்கிற, இரண்டு நாளில் ஆடிப்போகிற கத்தியும் சீனாவில்தான் செய்கிறார்கள். 'வீ' போன்ற கம்பெனிகள் செய்யும், அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் காத்திருந்து வாங்கும் கத்தியும் அங்கேதான். 8சிஆர்13 என்ற ஒரே சீன எஃகை இரண்டு பட்டறையில் கொடுத்தால் தோய்ச்சல் இரண்டு விதமாக வரும், ஒன்று வாரக்கணக்கில் முனை நிற்கும், மற்றது ஒரு அட்டைப்பெட்டி அறுத்தால் மழுங்கும். கவனம் யாருடையது, காசு எவ்வளவு கொடுத்தார்கள், யார் சோதித்தார்கள் என்பதுதான் கணக்கு.

ஷெஃபீல்டில் மிஞ்சியிருப்பது ஒரு சில பட்டறைகள்தான். 14 வயதில் வேலைக்குச் சேர்ந்து எழுபது வருஷத்துக்கும் மேல் பேனாக்கத்தி செய்துவந்த ஸ்டான் ஷா 2021இல், 94 வயதில் காலமானார். ஸ்பைடெர்கோ இப்போது அமெரிக்கா, ஜப்பான், தைவான், இத்தாலி, சீனா என்று ஐந்து நாட்டில் கத்தி செய்யக் கொடுத்து, எது எங்கே செய்தது என்பதை ஒவ்வொரு அலகிலும் பொறிக்கிறது. சொந்த ஊரில் செய்யும் கத்தியில் மட்டும் கோல்டன், கொலராடோ, யு.எஸ்.ஏ. என்று போட்டுவிட்டு, கடைசியில் "எர்த்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருப்பார்கள்.